இரண்டாவது குவாட்டர்பேக்குக்கு ஓர் இடம்

2023 செப்டம்பர் 11. நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில், நியூயார்க் ஜெட்ஸ் அணியின் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, வழக்கமான சீசனில் முதன்முறையாகக் களமிறங்கினார் ஆரன் ராட்ஜர்ஸ். இரட்டைக் கோபுரத் தாக்குதலின் நினைவு நாள் என்பதால் கையில் அமெரிக்கக் கொடியை ஏந்தி ஓடிவந்தார். அரங்கம் அதிர்ந்தது. அவர் ஆடிய நான்காவது நகர்விலேயே பஃபலோ பில்ஸ் அணியின் லியோனார்ட் ஃப்ளாய்ட் அவரைப் பிடித்துச் சாய்த்தார். எழுந்து நின்ற ராட்ஜர்ஸ், சில நொடிகளில் தரையில் மெல்ல உட்கார்ந்துவிட்டார். இடது குதிகால் நாண் அறுந்திருந்தது. அந்த சீசனில் அவர் திரும்ப ஆடவே இல்லை.

ஜெட்ஸ் அன்று கூடுதல் நேரத்தில் 22-16 என்று வென்றது. ராட்ஜர்ஸை நம்பி ஃபேண்டஸி அணி அமைத்தவர்களின் கணக்கிலோ அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது.

நம் ஊரில் ஆட்டத்துக்கு ஆட்டம் கைப்பேசியில் கிரிக்கெட் அணி அமைத்துப் பழகியவர்கள் ஏராளம். அமெரிக்காவின் ஃபேண்டஸி ஃபுட்பால் பெரும்பாலும் ஒரு நாளோடு முடிகிற ஆட்டம் அல்ல. நண்பர்களோ அலுவலகத் தோழர்களோ பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் அமைப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் உட்கார்ந்து, அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். வீரர்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இதுதான் டிராஃப்ட். ஒருவர் எடுத்த வீரரை அந்த லீக்கில் இன்னொருவர் எடுக்க முடியாது. வாரந்தோறும் அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கெல்லாம் புள்ளி உண்டு. வழக்கமான கணக்குப்படி, குவாட்டர்பேக் எறியும் 25 யார்டுக்கு 1 புள்ளி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேரும் டச்டவுன் பாஸுக்கு 4. அவர் எறிந்ததை எதிரணி பறித்தால் 2 புள்ளி போகும். 15, 16, 17-ஆம் வாரங்கள்தான் பெரும்பாலான லீக்குகளில் நாக்-அவுட் கட்டம்.

பெரும்பாலான லீக்குகளில் வாரம் ஒரு குவாட்டர்பேக்கைத்தான் களமிறக்க முடியும். அதனால் பலரும் டிராஃப்டில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மோகம் புதிதல்ல. இந்த விளையாட்டை உருவாக்கியவர், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவராக இருந்த பில் விங்கன்பாக். 1963-இல் ஓக்லண்டில் அவர் வீட்டில் நடந்த முதல் டிராஃப்டில், முதல் ஆளாகத் தேர்வானவர் ஜார்ஜ் பிளாண்டா என்ற குவாட்டர்பேக். அந்தத் தேர்வில் விட்டுவிடப்பட்ட ஜிம் பிரவுன், பந்தோடு ஓடும் ஓட்டக்காரர், அதே ஆண்டில் 14 ஆட்டங்களில் 1,863 யார்டு ஓடினார்.

ஒருவரையே நம்புவோரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வாரம் களமிறக்காதவர்களை வைக்கும் பெஞ்சில் இருக்கும் இடமே ஐந்தாறுதான். அங்கே உட்காரும் இரண்டாவது குவாட்டர்பேக் எத்தனை புள்ளி எடுத்தாலும் கணக்கில் சேராது. அந்த இடத்தில் வளர்ந்து வரும் ஓர் ஓட்டக்காரரை வைத்தால் நாளைக்கு உதவுவார். ஒரே குவாட்டர்பேக்கை நம்பலாம் என்பதற்கேற்ற ஆளும் இருக்கிறார். பஃபலோவின் ஜோஷ் ஆலன் 2019 முதல் 2023 வரை வழக்கமான சீசனில் தன் அணி ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 2023-இல் மட்டும் 29 டச்டவுன் எறிந்தார். தானே ஓடி 15 டச்டவுன் போட்டார். அவரை எடுத்தவர்களுக்கு, அவர் அணிக்கு ஆட்டமே இல்லாத ஓய்வு வாரம் தவிர வேறு கவலை இல்லை.

ஆனால் ஆலனைப் போல எத்தனை பேர்? அதே 2023 சீசனில் நடந்ததைப் பாருங்கள். ராட்ஜர்ஸுக்குப் பிறகு, அக்டோபரில் இண்டியானாபொலிஸின் ஆந்தனி ரிச்சர்ட்சனுக்குத் தோள்பட்டை போயிற்று. அந்த மாதக் கடைசியில் மினசோட்டாவின் கர்க் கசின்ஸுக்கும் குதிகால் நாண் அறுந்தது. நவம்பர் 16 அன்று, வியாழன் இரவு ஆட்டத்தில் சின்சினாட்டியின் ஜோ பரோ ஒரு டச்டவுன் பாஸ் எறிந்துவிட்டு வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோட்டுக்கு வெளியே வந்து பந்தை எறிந்து பார்க்க முயன்றார். பிடி நிற்கவில்லை, முகம் வலியில் சுருங்கியது. அதோடு அவருடைய சீசன் முடிந்தது. நாக்-அவுட் கட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மேலே சொன்ன நால்வரில் யாரும் மோசமான தேர்வு அல்ல. வாராவாரம் 120 கிலோ ஆட்கள் ஓடிவந்து மோதும் ஆட்டத்தில், நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டியவரின் உடம்புக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

பரோ வீழ்ந்து நான்காவது நாள், கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் ஒருவரை ஒப்பந்தம் செய்தது. அவர் ஜோ ஃப்ளாக்கோ. வயது 38. சீசன் தொடங்கி இரண்டரை மாதம் ஆகியும் எந்த அணியிலும் இடமில்லாமல் வீட்டில் இருந்தவர். டிசம்பர் 3 முதல் ஐந்து ஆட்டங்களில் 1,616 யார்டு, 13 டச்டவுன் எறிந்தார். அதில் நாக்-அவுட் வாரங்கள் மூன்றில் அவர் எறிந்தது 374, 368, 309 யார்டு. ஹூஸ்டனுக்கு எதிராக 368 யார்டோடு 3 டச்டவுன். பறிகொடுத்த இரண்டு பாஸுக்குக் கழித்தாலும் 22 புள்ளிக்கு மேல். எந்த டிராஃப்டிலும் யாரும் சீந்தாத மனிதர் கொடுத்த புள்ளி இது.

அப்படியானால் காயம் பட்ட பிறகு தேடிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். காயச் செய்தி வந்த அடுத்த நிமிடம் லீக்கில் எல்லோருடைய கையும் ஒரே பெயரை நோக்கி நீளும். யாருக்கு முதல் உரிமை என்பதை லீக்கின் வரிசைமுறை தீர்மானிக்கும். முன்னணியில் இருப்பவருக்குப் பல லீக்குகளில் கடைசி இடம்தான். பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் இரண்டாவது குவாட்டர்பேக்கை வைத்திருந்தாலே 18 பேர் போய்விடுவார்கள். 32 அணிகளில் மிஞ்சும் 14 பேரில் தேறுவோர் சிலரே.

என்.எஃப்.எல்.லே இந்தப் பாடத்தைப் படித்தது. 2023 ஜனவரி 29 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டிக்கு ஆரம்பத்திலேயே முழங்கையில் அடி. மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. மூன்றாவது ஆள் இல்லாததால், எறிய முடியாத கையோடு பர்டியே திரும்ப வந்து நின்றார். 31-7 என்று தோற்றார்கள். அந்த மே மாதமே, கைவிடப்பட்டிருந்த பழைய ஏற்பாட்டை லீக் மீட்டது: அவசரத்துக்கு மூன்றாவது குவாட்டர்பேக்கை அன்றைய ஆட்டத்துக்கான வீரர் எண்ணிக்கையில் சேராமலே தயாராக வைத்திருக்கலாம்.

கோடிக்கணக்கான டாலர் புழங்கும் அணிகளே இப்படி ஏற்பாடு செய்துகொள்ளும்போது, ஃபேண்டஸி ஆடுவோர் மட்டும் ஏன் ஒரே தோளில் பாரத்தை ஏற்ற வேண்டும்? ஆகஸ்டிலேயே இரண்டு பேரை எடுக்கத் தேவையில்லை. அப்போது பெஞ்ச் இடம் மற்றவர்களைச் சோதித்துப் பார்க்கத்தான். அக்டோபரில் ஓய்வு வாரங்கள் தொடங்கும்போது ஒருவரைச் சேர்க்க வேண்டும். நட்சத்திரத்துக்கு ஓய்வு விழும் அதே வாரம் அவருக்கும் ஓய்வாக இருக்கக் கூடாது. 15, 16, 17-ஆம் வாரங்களில் அவர் யாரை எதிர்த்து ஆடுகிறார் என்று அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்டோபரில் விட்டுப்போனாலும், நவம்பர் நடுவில், யாருக்கும் அடிபடாத ஒரு சாதாரண செவ்வாய் இரவில், பல வாரமாகக் களமிறக்காத ஐந்தாவது ஓட்டக்காரரை விடுவித்துவிட்டு அந்தப் பெயரைச் சேர்த்துவிடலாம். பரோவை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் செவ்வாய் நவம்பர் 14 அன்று வந்து போனது.