சுற்றிப் போனால் சீக்கிரம்

பக்கத்து சீட் நண்பரை கம்பெனி மூன்று மாசத்துக்கு சான்ஃபிரான்சிஸ்கோ அனுப்புகிறது. சுவரில் இருந்த உலகப் படத்தில் டெல்லியிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். "மேற்கே போய், அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்காவைக் குறுக்கே வெட்டினா வந்துடுது ஸார். இதான் நேர் ரூட்டு."

ஸ்கேலைப் பிடுங்கி வைத்தேன். பூமி உருண்டை என்பதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, மறந்துவிடுகிறோம். குளோபில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது அட்லாண்டிக் பக்கமே போகாது. சைபீரியா, ஆர்க்டிக் கடல், அலாஸ்கா என்று பூமியின் உச்சந்தலை வழியாக இறங்கும். சுமார் 12,400 கிலோமீட்டர்.

விமானம் நூல் பிடித்துப் பறக்குமா என்பது வேறு விஷயம். ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்த நேரடி சர்வீஸை ஆரம்பித்தபோது நண்பர் சொன்னபடி அட்லாண்டிக் பக்கமாகத்தான் போனது. ஏறக்குறைய 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் தலைகீழாக ஒரு காரியம் செய்தார்கள். கிழக்கே கிளம்பி, பசிபிக்கைத் தாண்டி 15,300 கி.மீ. பறந்தார்கள். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தண்டம் என்றுதானே தோன்றும்? பதினாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டார்கள். பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம்!

"பூமி சுத்தறதாலதானே ஸார்?"

"பூமி சுத்தறதே கிழக்காலதான். அந்தக் கணக்குப்படி மேற்கே போறவனுக்கில்லே லாபம் வரணும்?"

நண்பர் யோசித்தார். பூமி சுற்றும்போது காற்று மண்டலமும் கூடவே சுற்றுவதால் அந்தக் கணக்கே செல்லாது. லாபம் வந்தது காற்றில். பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்று ஒரு காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எதிர்த்துப் போனால் மல்லுக்கட்ட வேண்டும்; கூடப் போனால் ஓசியில் தள்ளிவிடும். போயிங் 777 மணிக்கு எட்டு ஒன்பதாயிரம் லிட்டர் குடிக்கிற ஆசாமி. இரண்டு மணி நேரம் என்றால் ஒரு டேங்கர் லாரி மிச்சம். திரும்பும்போதும் காற்றோடு கிழக்கே, அட்லாண்டிக் வழியாக. ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டில் உலகமே ஒரு ரவுண்டு!

நூல் காட்டிய ஆர்க்டிக் வழியிலும் 2019 ஆகஸ்ட் 15 அன்று போனார்கள். வடக்கே போகிற வழிகளில் தொந்தரவு, கீழே ஊர்கள் குறைவு. 2023 ஜூனில் இதே டெல்லி - சான்ஃபிரான்சிஸ்கோ விமானம் ஒன்று என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. 216 பயணிகள், 16 சிப்பந்திகள். இத்தனை பேருக்கு அந்தச் சின்ன ஊரில் ஓட்டலுக்கு எங்கே போவது? பலர் பள்ளிக்கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மாற்று விமானம் வந்து கூட்டிப் போனது மூன்றாம் நாள்.

நண்பர் முகம் மாறியது. "இதை மட்டும் எங்க வீட்ல சொல்லிடாதீங்க ஸார்."

அவரைத் தேற்றுவதற்காக 2016-ன் அந்த பசிபிக் விமானத்தின் டைம்டேபிளைச் சொன்னேன். டெல்லியில் கிளம்பியது ஞாயிறு விடியற்காலை நாலு மணி. நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் சனிக்கிழமை. போய் இறங்கியது மறுபடி அதே ஞாயிறு, காலை ஆறரை. கடிகாரத்தைக் கேட்டால் மொத்தப் பயணமே இரண்டரை மணி நேரம்தான்.

நண்பர் ரொம்ப நேரம் விரல் விட்டு எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த ரெண்டாவது சனிக்கிழமைக்கு ஓவர்டைம் போடலாமா ஸார்?"