உரிமத் தேர்வில் எதற்குத் தரவரிசை?

எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களுக்கான ‘நெக்ஸ்ட்’ தேர்வு இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வராது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவர் 2025 அக்டோபரில் அளித்த உறுதியை மருத்துவ மாணவர்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். கொண்டாட அதில் ஒன்றுமில்லை. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. மருத்துவராகப் பதிவுசெய்ய உரிமம், பட்டமேற்படிப்புக்கு இடம், வெளிநாட்டில் படித்தவருக்குத் தகுதிச் சான்று என மூன்றையும் ஒரே தேர்வின் தலையில் கட்டும் பிரிவு அது. 2023 ஜூலை 28இல் டெல்லி எய்ம்ஸ் நடத்தவிருந்த மாதிரித் தேர்வும் இப்படித்தான் இரண்டு வாரம் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. தேதி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

பெங்களூரு மர்பி டவுனிலிருந்து பார்த்தால் கோளாறு தெளிவாகப் புலப்படும். அல்சூரை அடுத்த பழைய தமிழ்க் குடியிருப்பு. உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் மிகுந்த இடம். கையில் காசில்லாத நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால், அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் சிவாஜிநகரில் பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. இப்போது அதோடு ஒரு மருத்துவக் கல்லூரியும் உண்டு. இரவில் காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய் இதுபோன்ற மருத்துவமனைகளில் முதலில் சந்திப்பது ஹவுஸ் சர்ஜன் எனப்படும் ஒரு பயிற்சி மருத்துவரைத்தான். குழந்தைக்கு மூச்சு இரைப்பதை அவர் கவனிக்கிறாரா, நரம்பைத் தேடி ஊசி ஏற்றத் தெரிகிறதா என்பதே அவளுடைய கவலை.

நெக்ஸ்ட் அளப்பது வேறொன்றை. 2023 விதிமுறைப்படி முதல் கட்டத்தில் ஆறு தாள்கள், 540 கொள்குறி வினாக்கள். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு ஆகியவற்றுக்குத் தலா 120; குழந்தை நலம், கண், காது-மூக்கு-தொண்டை ஆகியவற்றுக்குத் தலா 60. நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய இரண்டாம் கட்டம் ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்த பிறகு வருகிறது. அதில் தேர்ச்சி, தோல்வி மட்டுமே. பட்டமேற்படிப்பு இடத்தை முடிவுசெய்வது முதல் கட்ட மதிப்பெண். மாணவர் எதற்கு உயிரைக் கொடுத்துப் படிப்பார் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டம் உரிமத்துக்காக உருவான தேர்வு. மேற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் அதன் மூன்றிலக்க மதிப்பெண்ணை வடிகட்டியாக்கின. மாணவர்கள் வகுப்பை விட்டு வினா வங்கிகளில் மூழ்கினார்கள். மன அழுத்தம் பற்றிய முறையீடுகள் குவிந்தன. 2022 ஜனவரி 26 முதல் அந்த மதிப்பெண்ணே எடுக்கப்பட்டது. இனித் தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். பந்தயம் இரண்டாம் கட்டத்துக்கு மாறிவிட்டது, முதல் முயற்சித் தேர்ச்சி விகிதம் சரிந்தது என்று குறைசொல்பவர்கள் உண்டு. மதிப்பெண் மிஞ்சியிருக்கும் இடத்துக்குத்தானே பந்தயம் போகும்? பிரிட்டனும் 2024-25 கல்வியாண்டிலிருந்து பட்டம் பெறுவோருக்கு உரிமத் தேர்வு வைத்திருக்கிறது. அதில் தேசியத் தரவரிசை கிடையாது. பட்டம் முடித்தவர்களின் ஆரம்பப் பயிற்சி இடங்களை அந்த நாடு விருப்பத்தையும் கணினிக் குலுக்கலையும் வைத்துப் பிரிக்கிறது.

ஹவுஸ் சர்ஜன்கள் வார்டை விட்டு, பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்கிறார்கள், நெக்ஸ்ட் வந்தால் அது நிற்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். நிற்காது, முதல் கட்டம் எழுத வேண்டிய இறுதியாண்டுக்கு நகரும். நோயாளியின் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய ஆண்டும் அதுதான்.

தரத்துக்காகத்தான் நெக்ஸ்ட் என்று இனியும் யாரும் சொல்ல வேண்டாம். 2023 செப்டம்பரில் பட்டமேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது, நீட் பி.ஜி. தகுதி எல்லைக்கோடு எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ய பெர்சன்டைலாக இறக்கப்பட்டது. இடம் நிரம்ப வேண்டுமென்றால் கோட்டையே அழிப்பவர்களுக்குத் தரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி?

தேர்வு வைத்தால் கல்வி திருந்தும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தாயிற்று. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. 300 வினாக்களில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. 2025 ஜூன் பருவத்தில் எழுதியவர்கள் 36,034 பேர்; தேறியவர்கள் 6,707 பேர், அதாவது 18.61 சதவீதம். கடன் வாங்கிப் பிள்ளையை ஜார்ஜியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்பிய குடும்பங்கள், திரும்பி வந்தவர்களை மறுபடியும் பணம் கட்டி கோச்சிங்கில் சேர்க்கின்றன. அந்தத் தேர்வால் ஒரு வெளிநாட்டுக் கல்லூரியும் திருந்தவில்லை. கொழித்தவை கோச்சிங் மையங்கள்தான். நெக்ஸ்ட் இதே வடிவத்தில் வந்தால் எம்.பி.பி.எஸ். முதலாண்டிலேயே கோச்சிங் தொடங்கும், பணம் கட்ட முடியாத மர்பி டவுன் பிள்ளை பட்டம் பெற்றும் பின்தங்குவார்.

தமிழ்நாடு முதல்வராக மு.க. ஸ்டாலின் 2023 ஜூனில் நெக்ஸ்டை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கர்நாடக அரசும் வாய் திறக்க வேண்டும். நாடாளுமன்றம் 15ஆம் பிரிவைத் திருத்தி உரிமத்தையும் தரவரிசையையும் பிரிக்கட்டும். உரிமத் தேர்வில் தேர்ச்சி, தோல்வி தவிர வேறொன்றும் வெளியாகக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மாணவருக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை ஆசிரியர்கள் என்ற கணக்கை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதுவரை நெக்ஸ்டை ஒத்திவைப்பது போதாது, கைவிட வேண்டும்.