ஒரு தரப்பைக் கேட்டுப் போடும் ஸ்டார்

ஆன்லைனில் நாலரை ஸ்டாருக்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மூன்றுக்குக் கீழே போனால் விற்பவர் மோசடிக்காரர் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. இத்தனை பேர் சொன்னது பொய்யாகுமா என்று கேட்கிறார்கள். ஒரு தரப்பை மட்டும் விசாரித்து, மறு தரப்பின் வாயைக் கட்டிவிட்டுச் சொல்லும் தீர்ப்பை எத்தனை பேர் சொன்னாலும் நியாயம் என்று ஏற்க முடியாது.

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ, ஆவடி, பூந்தமல்லிப் பக்கமோ நாலு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை தன் பொருளை ஆன்லைனில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேபிள் ஒட்டிப் பார்சலைக் கூரியரிடம் கொடுத்ததோடு அது அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. வழியில் பெட்டி நசுங்கி, இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், "டெலிவரி லேட், பெட்டி கிழிந்திருந்தது" என்று ஒரு ஸ்டார் விழுகிறது. பொருளில் எந்தக் குறையும் இல்லை, தண்டனை பொருளுக்கு. அதுவரை ஒன்பது பேர் ஐந்து ஸ்டார் போட்டிருந்தால், சாதாரண சராசரிக் கணக்கில் 5 என்பது ஒரே நாளில் 4.6 ஆகிவிடும். ஆயிரம் பேர் ஐந்து ஸ்டார் போட்ட பெரிய கடைக்கு அதே ஒரு ஸ்டார் ஒரு கீறல்கூடப் போடாது. அமேசான் தன் கிடங்கிலிருந்து தானே அனுப்பும் சரக்குக்கு டெலிவரிக் குறை வந்தால், விற்பவர் மீதான அந்தக் கருத்தைக் கோடிட்டு அடித்து, பொறுப்பு எங்களுடையது என்று குறிப்பு போடுவதுண்டு. யார் செய்த தவறு என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

முன்பெல்லாம் ஏமாந்த வாடிக்கையாளருக்கு நாதியில்லை, ஸ்டார்தானே அவருக்குக் குரல் கொடுத்தது என்பார்கள். உண்மைதான், அந்தக் குரல் போகக் கூடாது. ஆனால் இந்த ஏற்பாடு ஒரு தரப்பாக எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். ஆன்லைன் ஏலத் தளமான ஈபே 1996இல் தொடங்கிய முறையில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள். குறை சொன்னவரைப் பழிவாங்க விற்பவர்கள் பதிலுக்குக் குறை எழுதினார்கள். அதைத் தடுக்க 2008இல் ஈபே, வாங்குபவரைப் பற்றி விற்பவர் குறை சொல்லும் உரிமையையே பறித்தது. வீடுகளை வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளம் 2014இல் வேறு வழி கண்டது: இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது கெடு முடியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பழிவாங்கலைத் தடுக்க ஒருவரை ஊமையாக்கத் தேவையில்லை. பயன்படுத்திய பொருளை மாற்றி வைத்து ரிட்டர்ன் அனுப்பும் வாடிக்கையாளரைப் பற்றி அடுத்த விற்பனையாளரை எச்சரிக்க இன்று வழியே இல்லை.

எண்ணிக்கை கூடினால் உண்மை தானே வெளிவரும் என்பதும் பொருந்தவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 சதவீதம் நாலரை அல்லது ஐந்து ஸ்டார் பெற்றிருப்பதைக் காட்டியது. எல்லோரும் முதல் ரேங்க் என்றால் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? நாலரைக்குக் கீழே இறங்கினால் பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில்தான், ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேஷ்பேக் என்ற சீட்டு பெட்டிக்குள் வருகிறது. அது தவறு, அந்தத் தவறுக்கு விற்பவரைத் தள்ளியதும் இதே ஏற்பாடுதான்.

விற்பவரின் ரேட்டிங்கைக் காட்டியே ஆக வேண்டும் என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஆன்லைன் மதிப்புரைகளுக்கான ஐ.எஸ். 19000 தரநிலை 2022இல் வந்தபோது, விரும்பினால் பின்பற்றலாம் என்றே விட்டார்கள். ஆப் வழியே வேலை செய்யும் கிக் தொழிலாளரை நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் அவகாசமும் தர வேண்டும் என்று கர்நாடகம் 2025இல் சட்டம் இயற்றியது. ரேட்டிங் குறைந்தது என்று சிறு விற்பனையாளரின் கணக்கை முடக்கும் முன்பும் அதே அவகாசம் வேண்டும். டெலிவரிக்கும் பொருளுக்கும் தனித்தனி ரேட்டிங் வேண்டும். சட்டம் வரும்வரை வாசகர்கள் ஒன்று செய்யலாம்: ஒரு ஸ்டாரை அழுத்தும் முன், குறை யாருடையது என்று பார்த்து, அதை ஒரு வரியாவது எழுதுங்கள்.