கை நடுங்கினால் கோடு அழாது

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1903இல் ஓர் எச்சிங் செய்தார். சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், இறந்துபோன பிள்ளையை இரு கைகளாலும் இறுக்கி அதன் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். உடம்பில் துணியில்லை. பிள்ளையின் தலை பின்னால் சரிந்து தொங்குகிறது. கண்காட்சியில் அதைப் பார்த்த கோல்விட்ஸின் நெருங்கிய தோழிக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சின்னவன் பீட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, ஆகாமல் இப்படியொரு கொடுமையை எப்படி வரைய முடியும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

பீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தில் பிணமாகக் கிடப்பவனே அவன்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. அம்மா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அவனை ஒரு கையில் ஏந்திக்கொண்டே வரைந்தார். பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, சும்மா இரும்மா, படம் ரொம்ப அழகாக வரும் என்கிற மாதிரி அந்தப் பிணம் வாய் திறந்து ஆறுதல் சொன்னதாம். இதைக் கோல்விட்ஸே பிற்பாடு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தோழியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பதறியது பாசத்தால். ஆனால் அந்தப் பதற்றத்தையே கலைக் கொள்கையாக ஆக்கி வைத்திருக்கிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓவியன் மனம் கொதித்தால் கோடு கொதிக்கும். கை நடுங்கினால் கோடு நடுங்கும். உள்ளே இருப்பது பேனா வழியாக அப்படியே தாளில் இறங்கிவிடும். கண்காட்சித் திறப்பு விழாவில் இதைத்தான் பேசுகிறார்கள். மடிப்பிதழில் இதைத்தான் அச்சடிக்கிறார்கள். ஓவிய வகுப்பில் பிள்ளைகளிடம், 'யோசிக்காதே, மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டு' என்கிறார்கள். இந்தக் கொட்டல் கொள்கை பொய் என்பது என் கட்சி. பாதி உண்மை என்று விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை.

எச்சிங் என்ற வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே இந்தப் பேச்சில் பாதி அடங்கிவிடும். உலோகத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு. அதில் ஊசியால் கீறுகிறார்கள். ஊசி விலக்குவது மெழுகைத்தான். உலோகத்தில் பள்ளம் பறிப்பது பிற்பாடு அமிலம். ஆகவே ஒரு கோடு எவ்வளவு கறுப்பாக வரும் என்பதை முடிவுசெய்வது ஊசியை அழுத்திய கையல்ல, தகடு அமிலத்தில் கிடந்த நேரம். மெலிதாக நிற்க வேண்டிய கோட்டை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, முரடாக வேண்டியதை மட்டும் மறுபடி அமிலத்தில் விட வேண்டும். அச்செடுத்தால் படம் இடவலம் மாறிப்போகும். வலப்பக்கம் சாய்த்துக் கீறியது இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். சோதனைப் படி எடுத்துப் பார்த்து, தகட்டைச் சுரண்டி, மறுபடி கீறி, மறுபடி அமிலம். இந்தப் படத்தையும் கோல்விட்ஸ் பல கட்டங்களில் மாற்றி மாற்றி அச்செடுத்தார். சில படிகளில் பின்னணிக்குப் பொன்னிறம்கூட கொடுத்துப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து எழுகிற கதறலாம் இது! பொன்னிறம் எடுபடுமா என்று யோசித்துப் பார்க்கிற கதறல்.

படத்தின் அருகில் போய்ப் பாருங்கள். தாயின் முழங்காலிலும் தோளிலும் கனத்த, முரட்டுக் கோடுகள் தசையின் போக்கிலேயே ஓடுகின்றன. பிள்ளையின் முகத்துக்கும் மார்புக்கும் வந்ததும் கோடு மெலிந்து, கிட்டத்தட்ட ஒதுங்கிக்கொள்கிறது. உயிரோடு இருக்கிற உடம்பு இருட்டு, உயிரற்றது வெளிச்சம். நம்மைக் குத்துவது அந்தக் கனத்த கோடு மட்டுமல்ல. கனத்து வந்த கோடு பிள்ளையின் தோலைத் தொடும் இடத்தில் சட்டென்று நின்றுபோகிறதே, அந்த நிறுத்தம். தன்னை மறந்து கொட்டுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

சாவைக் கோல்விட்ஸ் அறியாதவர் என்று நான் சொல்லவில்லை. தம்பி பெஞ்சமின் சின்ன வயதிலேயே இறந்ததை வீட்டில் பார்த்தவர். கணவர் கார்ல் பெர்லினில் தொழிலாளர் பகுதியில் வைத்தியம் பார்த்த டாக்டர். அவரிடம் வந்த பெண்களின் பாடு இவருக்கு அன்றாடம் தெரியும். எதை வரைவது என்பதை அந்த அனுபவம் தீர்மானித்திருக்கலாம். ஊசியை எங்கே வைப்பது, தகட்டை எப்போது அமிலத்திலிருந்து எடுப்பது என்பதையெல்லாம் அனுபவம் சொல்லித் தராது.

இனிக் கதையின் கொடிய பகுதி. 1914 அக்டோபரில், போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். வயது 18. கொட்டல் கொள்கை சரியென்றால் கோடுகள் இப்போதுதான் மடை திறந்து பாய்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. போர் பற்றிய படங்களை எச்சிங்கில் முயன்றார், சரிவரவில்லை. லித்தோ என்கிற கல்லச்சில் முயன்றார், திருப்தியில்லை. 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குப் படங்களைக் கண்காட்சியில் பார்த்த பிறகுதான் தனக்கு வேண்டியது மரம் என்று அவருக்குப் பிடிபட்டது. ஐம்பது வயது தாண்டிய பிறகு புதிதாக உளி பிடித்தார். 'போர்' வரிசையின் ஏழு படங்கள் உருவானது 1921, 22இல். மகன் இறந்து ஏழெட்டு வருஷம் கழித்து.

மரச்செதுக்கில் கணக்கு தலைகீழ். செதுக்காமல் விட்ட இடம் கறுப்பாக விழும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும். கோடு போடுவதென்றால் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எறிவது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த வரிசையில் 'பெற்றோர்' என்றொரு படம்: மண்டியிட்ட கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கறுப்புத் திரளாகியிருக்கிறார்கள். முதலில் செதுக்கியதைக் கோல்விட்ஸ் தள்ளிவிட்டார். வெளிச்சம் அதிகம், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, துக்கம் இப்படியா இருக்கும் என்பது அவர் குறை. மறுபடி வேறு பலகையில் செதுக்கினார். பெற்ற மகனுக்காக அழுகிற தன்னையும் கணவனையும் பற்றிய படத்தில் வெளிச்சம் கூடிவிட்டது என்று கணக்குப் பார்த்த அந்தக் கண்ணை என்னவென்று சொல்வது? கல்நெஞ்சம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் நினைவுப் படத்தின் கதையும் இதுவே. 1919 ஜனவரி 15இல் அவர் கொல்லப்பட்டார். குடும்பத்தினர் கேட்டுக்கொண்டபடி கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் வரைந்துவந்தார். லீப்க்னெக்டின் அரசியல் அவருக்கு உடன்பாடில்லை. எச்சிங், லித்தோ இரண்டையும் முயன்று கைவிட்டு மரச்செதுக்கில் முடித்தார். குனிந்து நிற்கும் தொழிலாளிகளின் கூட்டம், அதில் ஒருவன் பிணத்தின் மார்பில் வைத்த பெரிய முரட்டுக் கை. தன் கட்சிக்காரர் அல்லாதவருக்காகச் செய்த படம், கட்சிக்காரர்கள் செய்த எதையும்விட நிலைத்துவிட்டது.

கொட்டல் கட்சிக்காரர்கள் கடைசியில் ஓடி ஒளியும் இடம் வான்கோ. தமிழில் வான்கோவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலருக்கு அந்தக் காதைத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை. சுழலும் கோடுகள், கலங்கிய மனம், ஆகவே கலங்கிய மனம்தான் சுழன்றது. சரி, தேதிகளைப் பார்ப்போம். காதை அறுத்துக்கொண்டது 1888 டிசம்பர் 23இல். அதற்கு நாலைந்து மாதம் முன்பு, ஜூலைக்கும் ஆகஸ்ட் முதல் வாரத்துக்கும் நடுவில், ஆர்ல் ஊரில் உட்கார்ந்துகொண்டு தன் வண்ண ஓவியங்களையே பேனாவால் மறுபடி வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஓவிய நண்பர்கள் எமில் பெர்னாருக்கு 15, ஜான் ரஸ்ஸலுக்கு 12, தம்பி தியோவுக்கு 5. கடலில் பாய்மரப் படகுகள் போகும் ஒரே காட்சி மூவருக்கும் போயிற்று. மூன்றிலும் அலைக்கு வெவ்வேறு கோடு. அன்றைக்கு மூன்று மனநோய் இருந்ததா அவருக்கு? யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்துக் கோட்டை மாற்றிய ஆள் அவர்.

இன்னொன்று. அந்தக் கோடுகள் ஏன் குட்டை குட்டையாக, வெட்டு வெட்டாக இருக்கின்றன? அவர் கையில் இருந்தது நாணலைச் சீவிய பேனா. அதில் மை நிற்காது. கொஞ்சம் இழுத்ததும் வறண்டுவிடும். மறுபடி தோய்க்க வேண்டும். அந்த இயலாமையையே ஒரு மொழியாக்கினார்: வயலுக்கு ஒரு வகைக் கீற்று, வேலிக்கு ஒன்று, வானத்துக்குப் புள்ளி. வேகமாக முடிக்கும் படங்கள் நெடுநாள் முன்பே கணக்குப் போட்டு வைத்தவை என்று தம்பிக்கு எழுதவும் செய்தார். பிற்பாடு சேன்-ரெமி மருத்துவமனையில் நோய் கடுமையாகத் தாக்கியபோது வாரக்கணக்கில் அவர் தூரிகையைத் தொடவே இல்லை. நோய் வரைந்திருந்தால் அந்த வாரங்களில்தானே வரைந்திருக்க வேண்டும்?

நியூயார்க் ஓவியர் ஃபிரான்ஸ் கிளைன் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர். ஆளுயரத் திரையில் வெறிபிடித்தவன் வீசியதுபோல் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள். அவற்றில் பல, டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களில் முதலில் சின்னதாக வரைந்து பார்த்து, பிறகு பெரிதாக்கியவை.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில், சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அங்கே திரிபுராந்தகர் காட்சி ஒன்று உண்டு. தேரில் நிற்கும் சிவனுக்கு எதிரே அசுரர் கூட்டம்; போருக்குப் பாயும் அவர்களைப் பெண்கள் கட்டிப்பிடித்து இழுக்கிறார்கள். அந்தப் பெண்களின் புருவமும் இமையும் ஒற்றைக் கோடுகள். ஆயிரம் வருஷம் கழித்தும் அவர்களின் அச்சம் நம்மைத் தொற்றுகிறது. வரைந்தவர் யார்? பெயர் தெரியாது. அன்று அவர் மனைவியோடு சண்டை போட்டாரா, கூலி வரவில்லையா, பிள்ளைக்குக் காய்ச்சலா? தெரியாது. அவருடைய மனநிலை நமக்கு வேண்டியிருக்கவும் இல்லை. கொட்டல் கொள்கைப்படி அளவும் மரபும் கற்று வரைந்த இந்த மனிதர் வெறும் கைவினைஞர். அதே கோட்டை நகரத்து இளைஞர் தூக்கமில்லாத இரவில் போட்டால் மட்டும் அது வெளிப்பாடு. இந்தப் பாகுபாட்டில் சாதித் திமிர் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்பது என் சந்தேகம்.

நம் ஊர் இழவு வீட்டுக்கு இருக்கிற தெளிவு நம் கலை விமர்சனத்துக்கு இல்லை. ஒப்பாரி வைக்க வருகிற பெண்ணிடம், இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. பறிகொடுத்தவள் தொண்டை அடைத்து மூலையில் கிடப்பாள். மெட்டும் அடுக்கும் தெரிந்தவள்தான் ஊரையே அழ வைப்பாள்.

இதற்கு எதிர்க்கோடியில் இன்னொரு மூடநம்பிக்கை இருக்கிறது, ஓவியப் பாடநூல்களில்: கிடைக்கோடு அமைதி, செங்குத்துக்கோடு கம்பீரம், சாய்கோடு பரபரப்பு, நெளிகோடு மென்மை. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். லீப்க்னெக்டின் பிணம் கிடையாகத்தான் கிடக்கிறது. அந்தப் படத்தில் அமைதியைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு கோடு பக்கத்துக் கோட்டை வைத்துத்தான் பேசும். இதற்கு மேல் அந்த அட்டவணைக்கு மரியாதை தேவையில்லை.

கொட்டல் கொள்கையால் நஷ்டம் யாருக்கு? வரையக் கற்கிற பிள்ளைக்குத்தான். பயிற்சி என்றால் உணர்ச்சியைக் கொல்வது என்று அது நம்பிவிடுகிறது. ஒரே கையை இருபது முறை வரையச் சொன்னால் முகம் சுளிக்கிறது. ஓவியர் ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி, காந்தியையே திரும்பத் திரும்ப ஏராளமாக வரைந்தார். அந்தத் தடியும் கண்ணாடியும் எத்தனை கோட்டில் நிற்கும், எதை விட்டாலும் காந்தி காந்தியாக இருப்பார் என்பது கடைசிப் படங்களுக்குப் போவதற்குள் கைக்குப் பிடிபட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் கண் கலங்கி உட்கார்ந்திருந்தால் நடக்கிற காரியமா அது?

லாபம் எங்களைப் போன்று எழுதுகிறவர்களுக்கு. தாளைப் பார்த்து எழுதுவது கஷ்டம்; வாழ்க்கையைப் பார்த்து எழுதுவது சுலபம். விவாகரத்து, குடி, தற்கொலை முயற்சி என்று மூன்று தகவல் கிடைத்தால் 'இவர் கோடுகள் கதறுகின்றன' என்று கட்டுரையை முடித்துவிடலாம். விற்கிறவர்களுக்கும் வசதி, வாங்குகிறவர் படத்தோடு ஒரு சோகக் கதையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நன்றாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, காலையில் எட்டு மணிக்கு மேசைக்கு வருகிற ஓவியர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். அவருக்கு ஆழம் போதாது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவியர் எப்போது அழுதார் என்பதை மடிப்பிதழிலிருந்து எடுத்துவிடுங்கள். என்ன பேனா, என்ன தாள், எந்தப் பலகை, எத்தனை படிகளைத் தள்ளினார், எந்தக் கோட்டை எடுத்த பிறகு படம் நின்றது என்பதைப் போடுங்கள். கிடைத்தால் தள்ளிய படிகளையும் பக்கத்திலேயே மாட்டுங்கள். கோல்விட்ஸின் சோதனைப் படிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற பார்வையாளர், இடையில் என்ன மாறியது என்று தாமாகவே தேடத் தொடங்குவார்.