கண்டிப்பவர் கையில் உதவிப் பணம் வேண்டாம்

பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் பேராயர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் போதகருடன் மூப்பர் மன்றமாக அமர்ந்து சபையை ஆளுகிறார்கள்; உபதேசத்தையும் ஒழுக்கத்தையும் காப்பது அவர்கள் பொறுப்பு. ஏழைகள், நோயாளிகள், விதவைகளைக் கவனிப்பது உதவிக்காரர் எனப்படும் டீக்கன்களின் வேலை. தென்னிந்தியத் திருச்சபையில் டீக்கன் என்பது குருத்துவத்துக்கு முந்தைய படி. பிரஸ்பிட்டேரியன் முறையில் அப்படியல்ல, அது தனி ஊழியம். 1541இல் ஜெனீவாவுக்குச் சீர்திருத்தவாதி கால்வின் வகுத்த சட்டமே மூப்பர், டீக்கன் இரண்டையும் வெவ்வேறாக வைத்தது. இன்றோ, அமெரிக்காவின் மிகப்பெரிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் ஒரு சபை டீக்கன்களே வேண்டாமென்று முடிவெடுக்கலாம். அந்த வேலையும் மூப்பர் மன்றத்துக்கே போய்விடும். நிர்வாகத்துக்கு இது வசதிதான். உதவி கேட்டு வருபவருக்கு இது கேடு என்பதே என் வாதம்.

இதற்குச் சான்று ஸ்காட்லாந்தின் வரலாறு. அங்கே டீக்கன் பதவி பெரும்பாலும் தேய்ந்துபோக, 1845ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் வரும்வரை ஏழைகளுக்கான பணத்தைப் பங்கிடும் வேலை பெருமளவு மூப்பர் மன்றத்திடமே இருந்தது. முறைகேடான உறவு என்ற குற்றச்சாட்டில் ஒரு பெண்ணை விசாரித்து, ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னும் நிற்கவைத்ததும் அதே மன்றம்தான். வசூலித்த அபராதம் ஏழைகளின் பெட்டிக்குப் போனது. நாளை அவளுக்குக் குழந்தைக்கான உணவுக்கே வழியில்லை என்றால், கையேந்த வேண்டியது தன்னைத் தண்டித்தவர்களிடமே. அந்த மூப்பர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதல்ல கேள்வி. தீர்ப்பும் சோறும் ஓரிடத்திலிருந்து வரும்போது, பசித்தவர் உண்மையை மறைக்கப் பழகுவார், அல்லது வராமலே இருந்துவிடுவார். 1819இல் கிளாஸ்கோவின் புனித யோவான் பங்கில் போதகர் தாமஸ் சால்மர்ஸ் டீக்கன்களை மீண்டும் நியமித்ததற்கு இதையொட்டிய காரணம் உண்டு: மூப்பர் வீட்டுக்கு வந்தால் பணம் வருமா என்று பார்க்கும் நிலையில் ஆன்மிக உறவு கெடும் என்று அவர் கருதினார்.

சால்மர்ஸின் டீக்கன்களும் கடுமையானவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மை. உறவினர் உதவுவார்களா, வேலை கிடைக்குமா என்று துருவியபிறகே கொடுத்தார்கள். செலவைக் குறைப்பதும் அவருடைய நோக்கம். பதவியைப் பிரித்தால் மட்டும் இரக்கம் பிறந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிக்காவிட்டால் இரக்கமுள்ள மூப்பரிடம்கூட ஏழையால் மனம்விட்டுப் பேச முடியாது. அரசே உதவித்தொகை தரும் காலத்தில் டீக்கன் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவருக்கும், தொகை வருவதற்குள் வாடகை கட்டவேண்டிய குடும்பத்துக்கும் அரசு அலுவலகம் போதாது. சிறிய சபையில் ஆள் இல்லை என்பதே வலுவான மறுப்பு. அதற்கும் வழி இருக்கிறது: அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்து டீக்கன்களை வைத்துக்கொள்ளலாம். மூப்பர் மன்றத்துக்குக் கணக்கு காட்டும்போது எவ்வளவு கொடுத்தோம் என்று சொன்னால் போதும். யாருக்குக் கொடுத்தோம் என்ற பெயர்ப் பட்டியல் அந்த மேசைக்குப் போகக் கூடாது.