வீட்டுக் கைவினை

நாமக்கல் மாவட்டத்தில் வானளாவி நிற்பது கொல்லிமலை. அதன் அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. அவற்றைக் கடந்து மேலே சென்றால், வாழையும் பலாவும் மிளகுக் கொடியும் செறிந்த மலைநிலத்தைக் காணலாம். அம்மலையூர்களுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்குவது செம்மேடு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் சிலை அவ்வூரில் நிற்கின்றது. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அவனுக்கு ஆங்கு விழா எடுக்கின்றனர்.

ஓரியின் வில்லாண்மையை வன்பரணர் என்னும் புலவர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உளது. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, இறுதியில் ஓர் உடும்பின் உடலில் சென்று தங்கியது என்பது அப்பாட்டு உரைக்கும் செய்தி. எய்தவன் பெயர் இன்றும் நின்று நிலவுகின்றது. ஆனால் அவ்வில்லுக்கேற்ற கழியைத் தேர்ந்தெடுத்து, வளைத்து, நாண் முறுக்கிக் கட்டிய கை யாருடையது? அவர் பெயரை அறிவார் எவரும் இலர். பொருளைப் பயன்கொள்வோரை உலகம் புகழ்கின்றது. பொருளைச் செய்தோரை மறந்துவிடுகின்றது. இம்மறதி வில்லோடு நின்றுவிடவில்லை. வீட்டில் நாள்தோறும் எடுத்தாளும் முறத்திற்கும் கூடைக்கும் கயிற்றுக்கும் அது பொருந்தும்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் அவர்களுடைய பழைய உணவுப் பயிர்கள். விளைந்த தானியத்தை அவர்கள் தொம்பையில் சேமித்து வைப்பது வழக்கம். தொம்பை என்பது மூங்கிற் பிளாச்சுகளால் பெரிய கூடையைப் போல முடைந்து, உள்ளும் புறமும் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய களஞ்சியம். மூங்கில் அதற்கு வலிமை தருகின்றது. பூச்சு ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கின்றது. தொம்பைக்கு வேண்டிய பொருள் அனைத்தும் வீட்டைச் சுற்றியே கிடைப்பவை. அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் உழைப்பே. ஆனால் அவ்வுழைப்பினுள் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அடங்கியுள்ளது. முற்றிய மூங்கில் எது, இளமூங்கில் எது, எவ்வளவு ஈரத்தில் பிளந்தால் ஒடியாது வளையும் என்பனவற்றைக் கண் மட்டும் கற்றுவிட இயலாது. கையே கற்றல் வேண்டும்.

இன்று மலைமேலும் நிலைமை மாறிவிட்டது. மலிந்த விலைக்கு நெகிழிக் குடங்களும் நெகிழிக் கூடைகளும் நெகிழிக் கயிறுகளும் எங்கும் கிடைக்கின்றன. 'பத்து ரூபாய்க்கு வாங்கத்தக்க பொருளை ஒரு நாள் முழுதும் இருந்து செய்வானேன்?' என்று கேட்போர் பலர். கையால் செய்த பொருளை வைத்திருப்பது வறுமையின் அடையாளம் என்று நாணுவோரும் உளர். முன்னது எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி. பின்னது களையத்தக்க பிழை. இரண்டிற்கும் விடை காணுமுன், எளிய பொருள் சிலவற்றைச் செய்யும் முறையை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது துணிப்பை. பழைய பருத்தி வேட்டியில் கிழியாத பகுதியாகப் பார்த்து, 1 மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் குறுகிய ஓரங்கள் இரண்டையும் இருவிரல் அகலம் மடித்துத் தைக்க வேண்டும். இவையே பையின் வாய். பின்பு துண்டை இரண்டாக மடித்து இரு பக்கங்களையும் தைத்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்பினால் பை உருப்பெறும். பக்கங்களைத் தைக்கும்போது ஊசியை ஒரு தையல் பின்னே செலுத்தி மீண்டும் முன்னே எடுக்கும் தையலே ஏற்றது. நேராக ஓடும் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுதும் பிரிந்துவிடும். இத்தையல் அவ்வாறு எளிதில் பிரியாது. கைப்பிடி பொருந்தும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அச்சதுரத்தின் குறுக்கே இரு தையல் இடுதல் வேண்டும். சுமையின் இழுப்பு ஓரிழையில் தங்காது பல இழைகளுக்கும் பரவுவதற்கு இதுவே வழி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் முதல் தடை விதிக்கப்பட்டது. துணிப்பையை மீண்டும் வழக்கிற் கொணர 2021ஆம் ஆண்டு திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தை அரசு தொடங்கியது. சட்டம் நெகிழிப் பையைத் தடுக்கலாம். அதற்கு மாற்றாகிய பையை வீட்டிலேயே தைத்துக்கொள்ள ஊசியும் நூலும் ஒருமணி நேரமும் போதும்.

இரண்டாவது வாழைநார்க் கயிறு. வாழை ஒருமுறை குலை ஈன்றதும் அம்மரத்தின் வாழ்வு முடிந்துவிடும். குலையை வெட்டிய பின் வீணே கிடக்கும் அதன் தண்டிலிருந்து புறமட்டைகளை உரித்து வெயிலில் உலர்த்தினால் நார் கிடைக்கும். உலர்ந்த நாரை அப்படியே முறுக்கினால் ஒடியும். சிறிது நீரில் நனைத்த பின்னரே முறுக்குதல் வேண்டும். இரண்டு புரிகளை எடுத்துத் தனித்தனியே வலப்புறமாக முறுக்கி, அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்புறமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கு அவிழ முயலும்; அம்முயற்சியே மற்றொரு புரியை இறுகப் பற்றச் செய்யும். கயிறு பிரியாதிருப்பதன் காரணம் இதுதான். இக்கயிற்றை வளையமாகச் சுற்றிக் கட்டினால் பானை உருளாதிருக்க அடியில் வைக்கும் புரிமணை ஆகும். பின்னித் தொங்கவிட்டால் உறி ஆகும். வாழை மலிந்த கொல்லிமலையில் மட்டுமன்றி, வாழைத் தோட்டமுள்ள எவ்வூரிலும் இதனைச் செய்யலாம்.

மூன்றாவது அகப்பை. தேங்காய்த் துருவலெடுத்தபின் எறிந்துவிடும் கொட்டாங்கச்சியை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டியும் உப்புத்தாளால் தேய்த்தும் வழவழப்பாக்க வேண்டும். கண்ணாடிச் சில்லைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே எடுத்தாளுதல் வேண்டும். பின்னர் விளிம்பை அடுத்து எதிரெதிராக இரு துளையிட்டு, மூங்கிற்காம்பு ஒன்றை இரு துளைகளின் வழியாகவும் இறுகச் செருகினால் அகப்பை ஆயத்தமாகிவிடும். ஓடும் மூங்கிலும் வெப்பத்தை எளிதிற் கடத்தாதவை. ஆதலின் கொதிக்கும் குழம்பைக் கிளறும்போதும் கை சுடாது. பாத்திரத்தின் அடியும் கீறுபடாது.

இவற்றால் விளையும் பயன் யாது? சில ரூபாய் மிச்சப்படும் என்பது உண்மை. ஆனால் அது சிறு பயனே. அதனினும் பெரியன வேறு உள. பையைத் தைத்த மாணவன், கடையில் வாங்கும் பையையும் திருப்பிப் பார்த்துத் தையல் உறுதியானதா என்று ஆராய்வான். பொருளின் தரத்தை அறியும் கண் அவனுக்கு வாய்த்துவிடும். தன் கையால் செய்ததைக் கிழிந்தவுடன் எறிய அவனுக்கு மனம் வாராது. ஒட்டுப்போடவும் செப்பஞ்செய்யவும் கற்றுக்கொள்வான். இவ்விரண்டினும் மேலாகிய பயன் மற்றொன்று உண்டு. ஒரு சிறு கூடையைத் தானே முடைந்து பார்த்தவள், விரலில் மூங்கிற் சிராய் குத்திய வலியை அறிவாள். சந்தையில் கூடை விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய் குறைக்குமாறு வாதாட அவளுக்கு நா எழாது. உழைப்பின் விலையை உழைத்தவரே அறிவர். கைவினை புகட்டும் தலையாய பாடம் இதுவே.

கூடை முடைதல், பாய் பின்னுதல், பானை வனைதல் ஆகிய தொழில்களை நெடுங்காலம் பிறப்பின்வழிச் சிலர்க்கே உரியனவாக ஆக்கி, அவர்களைத் தாழ்வாக நடத்திய குற்றம் இந்நாட்டுச் சமுதாயத்திற்கு உண்டு. கைவேலையைப் பற்றிப் பேசுவோர் இதனை மறைத்தல் தகாது. 1953ஆம் ஆண்டில் இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலத்தின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டம் கொணரப்பட்டது. அது தந்தையின் தொழிலிலேயே மகனைப் பிணித்துவிடும் என்று கண்டோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நேர்மையானது. கைத்தொழில் இழிந்தது என்பதனால் அன்று, கைத்தொழிலைச் சிலர்க்கு மட்டும் விதித்து, ஏட்டுக் கல்வியைப் பிறர்க்கு ஒதுக்குதல் அறமாகாது என்பதனால் அது நேர்மையானது. ஆகவே வீட்டுக் கைவினை கல்வியாக வேண்டுமாயின் அஃது எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும். மருத்துவர் மகளும் கூடை முடையட்டும். கூடை முடைவோர் மகன் மருத்துவம் பயிலட்டும். ஊசி பெண்களுக்கு, உளி ஆண்களுக்கு என்ற வரம்பும் ஒழிதல் வேண்டும்.

பிறநாட்டு வரலாறும் இதற்குச் சான்று தருகின்றது. பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயசு என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866ஆம் ஆண்டில் கைவினை பொதுப் பள்ளிப் பாடங்களுள் ஒன்றாயிற்று. இன்றும் அந்நாட்டு மாணவ மாணவியர் அனைவரும் அதனைக் கற்கின்றனர். அவர்கள் எல்லாரும் தச்சராகவும் தையற்காரராகவும் ஆதல் வேண்டும் என்பது நோக்கமன்று. எண்ணியதைக் கையால் உருவாக்கும் ஆற்றல் அனைவர்க்கும் வேண்டும் என்பதே நோக்கம். நம் நாட்டில் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி புகட்டும் ஆதாரக் கல்வி முறையை முன்வைத்தார். அதற்கு முன்னரே, 1934ஆம் ஆண்டில், அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் பணிகளை முன்னின்று நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்ற அப்பேரறிஞர், எண்ணெய்ச் செக்கையும் காகிதத் தொட்டியையும் ஆராய்வதைத் தமக்கு இழுக்காகக் கருதவில்லை.

இனி, எல்லாவற்றையும் கையாலேயே செய்தல் வேண்டும் என்று வாதிடுவதும் பேதைமையே. சாமையின் உமியை நீக்க மலைப்பெண்கள் உலக்கையால் நெடுநேரம் குத்தி வருந்தினர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டபோது, உமி நீக்கும் சிறு பொறிகளை ஊர்களில் அமைக்கத் துணை செய்தது. பெண்களின் துயர் குறைந்தது. சாமையைச் சமைப்பதும் எளிதாயிற்று. மெய்வருத்தத்தைக் குறைக்கும் பொறி வரவேற்கத்தக்கது. ஆனால் எண்ணும் ஆற்றலையும் செய்யும் விருப்பத்தையும் குறைத்து, வாங்குவதொன்றையே வாழ்வாக்கும் பழக்கம் வரவேற்கத்தக்கதன்று. எதைப் பொறியிடம் விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று தேர்வதே அறிவுடைமை.

கைவேலை படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுவர். கயிற்றின் முறுக்கில் இயற்பியல் உண்டு. துணியை அளந்து வெட்டுவதில் கணிதம் உண்டு. கொட்டாங்கச்சி சுடாதிருப்பதில் வெப்பவியல் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் இவற்றில் செலவிடும் பிள்ளை படிப்பில் பின்தங்குவதில்லை. ஏட்டில் கண்டதை வீட்டில் மீண்டும் காண்கின்றது.

விடுமுறை நாளொன்றில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளைச் செய்து பார்த்தல் வேண்டும். முதலில் தைத்த பை கோணலாகத்தான் அமையும்; முதலில் முறுக்கிய கயிறு பிரிந்துதான் போகும். அதனால் நாணுதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது பை சற்று நேராகும். மூன்றாவது பையைத் தாய் கடைக்கு எடுத்துச் செல்வாள். அன்று அப்பிள்ளை செம்மேட்டுச் சந்தையிலோ தன் ஊர்ச் சந்தையிலோ கூடை விற்பவரைக் காணும்போது, அவருடைய விரல்களையும் காணும். ஓரியின் வில்லைச் செய்தவர் பெயரை இனி எவரும் அறிதல் இயலாது. அடுத்த தெருவில் அமர்ந்து கூடை முடைபவரின் பெயரையேனும் கேட்டறிந்து, அவர் கேட்கும் விலையை மனமுவந்து கொடுத்தல் எவர்க்கும் இயலும்.