கல்லூரிக் கணிதத்தில் எதைக் குறைக்கலாம்? யுஜிசி வரைவை 900-க்கும் மேற்பட்டோர் எதிர்த்தது ஏன்?

பி.எஸ்சி கணிதம் படிப்பவர்களிடம் "எந்த பேப்பர் ரொம்ப கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். ரியல் அனாலிசிஸ் அல்லது அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்த இரண்டையும் குறைக்கக் கூடாது என்று நாடு முழுவதும் இருந்து கணிதவியலாளர்கள் குரல் கொடுத்தார்கள். அரியர் விழும் பேப்பருக்கு ஏன் இவ்வளவு ஆதரவு?

என்ன நடந்தது?

தேசிய கல்விக் கொள்கை 2020-ன் அடிப்படையில், கணிதம் உள்ளிட்ட 9 பாடங்களுக்கான இளநிலை வரைவுப் பாடத்திட்டத்தை யுஜிசி 2025 ஆகஸ்டில் வெளியிட்டு, கருத்து கேட்டது. கணித வரைவில் பாரம்பரிய காலக் கணக்கீடு, 'பாரதிய பீஜகணிதம்', 'பராவர்த்ய யோஜயேத்' சூத்திரம் போன்றவை இடம்பெற்றன.

வரைவைத் திரும்பப் பெறக் கோரி, 900-க்கும் மேற்பட்ட கணிதவியலாளர்களும் ஆய்வாளர்களும் யுஜிசி தலைவருக்கு மனு அனுப்பினர். அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், பயன்பாட்டுக் கணிதம் போன்ற அடிப்படைகளுக்குப் போதிய இடமில்லை என்பது அவர்களின் முக்கியக் குற்றச்சாட்டு.

அப்படி என்னதான் இருக்கு இந்த பேப்பர்களில்?

பள்ளிக் கணக்கில் விடை வந்தால் போதும். இங்கே அந்த விடை ஏன் சரி என்று நிரூபிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் 10 லட்சம் எண்களைக் கூட்டினாலும் 15-ஐத் தொடாது. 'சரி, எங்கேயோ நின்றுவிடும்' என்றுதான் தோன்றும். ஆனால் நிற்காது. எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் தாண்டிவிடும். கால்குலேட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிரூபணம்தான் வழி. அதைக் கற்றுத்தருவது ரியல் அனாலிசிஸ்.

அல்ஜீப்ராவும் அப்படித்தான். இணையப் பரிவர்த்தனைகளைப் பாதுகாக்கும் குறியாக்க முறைகளின் அடித்தளத்தில் குரூப் தியரி இருக்கிறது. ஏஐ மாடல்களின் கணக்கு லீனியர் அல்ஜீப்ராவில் ஓடுகிறது.

இரண்டையும் சேர்த்தே நடத்தலாமே?

அங்கேதான் சிக்கல். யுஜிசியின் 2022 கட்டமைப்புப்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தபட்சம் 60. அந்த அளவுக்குள் ஒரு பேப்பர் உள்ளே வந்தால், இன்னொன்று வெளியே போகும்.

பாரம்பரியக் கணிதம் வேண்டாமா?

கேள்வி அதுவல்ல, எதை, எப்படி நடத்துவது என்பதுதான். 'பராவர்த்ய யோஜயேத்' 1965-ல் வெளியான 'வேத கணிதம்' நூலில் வரும் சூத்திரம். வகுத்தலைச் சுலபமாக்கும் உத்தி அது; பட்டப்படிப்பின் மேல்நிலைக்கான பாடம் என்று சொல்வது கடினம்.

மாறாக, 14-ம் நூற்றாண்டின் கேரளக் கணிதவியலாளர் மாதவரை எடுத்துக்கொள்ளுங்கள். பை மதிப்புக்கு அவர் பெயரால் வழங்கும் முடிவிலித் தொடர், 1 - 1/3 + 1/5 - 1/7 என்று நீள்கிறது. இது ஏன் ஒரு மதிப்பில் போய் நிற்கிறது, முதலில் பார்த்த தொடர் ஏன் நிற்கவில்லை? பதில் ரியல் அனாலிசிஸில் இருக்கிறது. நம் மரபை ஆழமாகப் புரிந்துகொள்ளவே இந்த பேப்பர் தேவைப்படுகிறது.

மாணவர்களுக்கு என்ன பாதிப்பு?

ஐஐடி எம்.எஸ்சி சேர்க்கைக்கான ஜாம் கணிதத் தேர்வில் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி கேள்விகள் உண்டு. கல்லூரியில் இவை குறைந்தால், வசதி உள்ளவர்கள் கோச்சிங் போய்விடுவார்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வகுப்பில் நடத்துவதுதான் எல்லாமே.

தமிழ்நாடு அரசு தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை அவற்றின் பாடத்திட்டக் குழுக்களே முடிவு செய்கின்றன. ஆனால் ஜாம் போன்ற தேர்வுகள் நாடு முழுமைக்கும் ஒன்றுதான்.

எனவே பி.எஸ்சி கணிதம் சேரப் போகிறீர்களா? கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் எத்தனை செமஸ்டர் என்று எண்ணிவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள்.